"பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கும்" என்ற ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் சி++ என்ற புரோகிராமிங் மொழி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதையெல்லாம் விடாமல் எழுதுவது பெரிய வேலை, முதலில் அதற்கு நன்றி. அதில் ஒரு வரி இருந்தது: ஒரே பெயரில் பல ஃபங்ஷன்கள் எழுதலாம், எது பொருத்தமோ அதைக் கம்பைலரே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் என்று. (ஃபங்ஷன் என்றால் பெயர் வைத்த ஒரு சின்ன வேலைத் துண்டு, கம்பைலர் என்றால் நாம் எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்.) அவ்வளவுதான், அடுத்த பத்தியில் இன்ஹெரிட்டன்ஸ் என்ற வேறு பாடம் வந்துவிட்டது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 14 வருஷமாக சி++ எழுதிப் பிழைப்பவன். மில் இயந்திரங்களோடு பேசும் புரோகிராம்கள்தான் பெரும்பாலும். சாயங்காலம் எங்கள் தெருவில் இருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து சந்தேகம் கேட்பார்கள். அந்த இரண்டு இடத்திலும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், "பொருத்தமானது" என்ற அந்தச் சொல்லுக்குள்தான் பிள்ளைகள் விழுகிற பள்ளம் இருக்கிறது.

11-ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் இதைச் செயற்கூறு பணிமிகுப்பு என்ற பெயரில் படிக்கிறார்கள், கல்லூரியில் ஃபங்ஷன் ஓவர்லோடிங். பெயர் எதுவானாலும் கரும்பலகையில் வருகிற உதாரணம் அநேகமாக ஒன்றுதான்: பரப்பளவு. ஒரு எண் கொடுத்தால் சதுரம், இரண்டு எண் கொடுத்தால் செவ்வகம். இதில் கம்பைலர் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? இரண்டு எண் கொடுத்தால், இரண்டு எண் கேட்கிற ஃபங்ஷன் அங்கே ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஒரே வேட்பாளர் நிற்கிற தேர்தல் மாதிரி. எண்ணிக்கை ஒன்றாக இருந்து டைப் (முழு எண்ணா, புள்ளி எண்ணா, எழுத்தா என்ற வகை) மட்டும் வேறுபடும்போதுதான் விஷயமே ஆரம்பிக்கிறது, வகுப்பு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

இரண்டு மாதம் முன்னால் ஒரு மாணவி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பரப்பளவு என்ற பெயரில் அவளிடம் ஒரு ஃபங்ஷன் இருந்தது, ஃப்ளோட், அதாவது புள்ளி வைத்த எண், வாங்கும். அதற்கு 2.5 கொடுத்தாள், ஓடியது. அப்புறம் முழு எண்ணுக்கும் இருக்கட்டும் என்று அதே பெயரில் இன்ட் வாங்குகிற ஒன்றைச் சேர்த்திருக்கிறாள். சேர்த்தவுடன், நேற்றுவரை ஓடிய 2.5 வரியில் பிழை. அழைப்பு இரண்டு பக்கமும் பொருந்துகிறது, எது என்று தெரியவில்லை என்கிறது கம்பைலர்.

"அண்ணா, புள்ளி வெச்ச நம்பர் ஃப்ளோட்டுக்குத்தானே போகணும்? இதுல என்ன குழப்பம் அதுக்கு?"

நியாயமான கேள்வி. புள்ளி வைத்து எழுதிய எண் சி++-இல் ஃப்ளோட் இல்லை, அதைவிடத் துல்லியம் கூடிய டபுள். அதைச் சொன்னதும் அவள் விடவில்லை. "சரி டபுளே இருக்கட்டும், டபுளுக்குப் பக்கத்துல இருக்கறது ஃப்ளோட்டா இன்ட்டா?" என்றாள். "நமக்குத்தான் கண்ணு பக்கம், கம்பைலருக்கு ரெண்டும் ஒரே தூரம்" என்று சொல்லிவிட்டு ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினேன். அன்றைக்கு எழுதியதையே இங்கேயும் சொல்கிறேன்.

கம்பைலர் முதலில் அந்தப் பெயரில் கண்ணுக்கு எட்டுகிற ஃபங்ஷன்களையெல்லாம் திரட்டும். அழைக்கும்போது நாம் கொடுத்த மதிப்புகளை, அதாவது ஆர்க்யுமென்ட்டுகளை, எந்த வழியிலும் ஏற்க முடியாதவற்றைத் தள்ளிவிடும். மிச்சம் இருப்பவற்றில், நாம் கொடுத்த டைப்பை அந்த ஃபங்ஷன் கேட்கிற டைப்பாக ஆக்க என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று பார்க்கும். எதுவுமே செய்ய வேண்டாம், அப்படியே பொருந்துகிறது என்றால் அதற்குத்தான் முதல் இடம். கேரக்டரை (ஒற்றை எழுத்து வைக்கும் டைப்) இன்ட் ஆக்குவது, ஃப்ளோட்டை டபுள் ஆக்குவது போல மதிப்பு சேதமாகாத, மொழியே வரையறுத்து வைத்திருக்கிற சில உயர்த்தல்களுக்கு அடுத்த இடம். அதற்குக் கீழே ஒரு பெரிய கூடை இருக்கிறது, எண்ணிலிருந்து எண்ணுக்குப் போகிற மற்ற மாற்றம் எல்லாம் அதில்தான். டபுளை ஃப்ளோட் ஆக்குவதும் அந்தக் கூடைதான், டபுளை வெட்டி இன்ட் ஆக்குவதும் அதே கூடைதான். ஒன்றில் துல்லியம் கொஞ்சம் குறையும், இன்னொன்றில் புள்ளிக்குப் பின்னால் இருப்பது மொத்தமும் போய்விடும், ஆனால் அதை அது கணக்கிலேயே எடுப்பதில்லை. அதற்கும் கீழே நாமே கிளாஸ் (மொழிக்குள் இல்லாமல் எழுதிச் சேர்க்கும் டைப்) எழுதி உருவாக்கிய மாற்றங்கள், கடைசியில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற மூன்று புள்ளி ஃபங்ஷன்.

சரி, இரண்டு ஆர்க்யுமென்ட் இருந்தால்? இங்கே நம் பிள்ளைகள் மொத்த மதிப்பெண் போட்டுப் பார்ப்பார்கள், பழக்கம் அப்படி. கம்பைலர் கூட்டிப் பார்ப்பதே இல்லை. ஜெயிக்கிற ஃபங்ஷன் எந்தப் பாடத்திலும் மற்றவரைவிடக் குறையக் கூடாது, ஒரு பாடத்திலாவது கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. முதல் ஃபங்ஷன் இன்ட், டபுள் என்று கேட்கிறது, இரண்டாவது டபுள், இன்ட் என்று கேட்கிறது, நாம் 1, 1 கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாடத்தில் இவன் மேல், இரண்டாவதில் அவன் மேல். யாரும் ஜெயிக்கவில்லை, பிழை. அந்த ஃபங்ஷனை வெளியாட்கள் பயன்படுத்த அனுமதி உண்டா, அது பிரைவேட்டா என்பதைக்கூட ஜெயித்தவரை முடிவு செய்த பிறகுதான் கம்பைலர் பார்க்கும். பொருத்தமானது பிரைவேட்டாக இருந்துவிட்டால் அடுத்தவரிடம் போகாது, அங்கேயே பிழை சொல்லி நிற்கும். இதில் மாட்டாத மாணவரை நான் பார்த்ததில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கம்பைலர் மறுக்கிற கதை. மறுத்தால் பரவாயில்லை என்பேன், சிவப்பு எழுத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். எனக்கு உண்மையில் பயம், அது மறுக்காமல் ஒத்துக்கொள்கிற இடங்கள்தான்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருஷம். ஒரு நூற்பாலையில் இரண்டாவது ஷெட்டில் இயந்திரங்களின் சூட்டை அளக்கிற சென்சார்கள் மாட்டினோம். முதல் ஷெட்டில் ஏற்கெனவே 48 சென்சார் பழைய புரோகிராமில் ஓடிக்கொண்டிருந்ததால் எங்களுடையதற்கு 49-லிருந்து எண் கொடுத்தோம். ஒன்பது சென்சார், 49 முதல் 57 வரை. சென்சார் எண் சின்னதுதானே, ஒரு பைட் போதும் என்று யூஇன்ட்8 என்ற டைப்பில் வைத்து, பதிவுக் கோப்பில் << என்ற வெளியீட்டுக் குறி போட்டு எழுதினேன். கோப்பைத் திறந்து பார்த்தோம், 1, 2, 3 என்று 9 வரை அழகாக வரிசையாக இருந்தது. கூட வேலை செய்தவர்கள், ஷெட்டுக்குள் வரிசை எண் போட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அது 49-லிருந்து வரவேண்டும் என்பதே அன்றைக்கு உறைக்கவில்லை. ஓடுகிறது என்று விட்டுவிட்டோம்.

பத்து நாள் கழித்து 3-ஆம் எண்ணில் சூடு ஏறுகிறது என்று பதிவு வருகிறது. ஃபிட்டர் அண்ணன் முதல் ஷெட்டுக்குப் போய் 3-ஆம் இயந்திரத்தை நிறுத்தி, பேரிங்கைப் பிரித்து, கிரீஸ் வைத்து மூடினார். சூடு குறையவில்லை. மறுபடி பிரித்தார். சூடேறிக்கொண்டிருந்தது இரண்டாவது ஷெட்டில் 51. அடுத்த வாரம் பத்தாவதாக ஒரு சென்சார் மாட்டினோம், எண் 58. கோப்பில் அதற்கு நேராக ஒரு முக்காற்புள்ளி வந்து நின்றது, இந்த : குறி. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

யூஇன்ட்8 என்பது தனி எண் டைப் இல்லை. நாம் புழங்குகிற கம்பைலர்களில் அது அன்சைன்டு கேரக்டருக்கு (கழித்தல் குறி இல்லாத கேரக்டர் டைப்) வைத்த இன்னொரு பெயர். << செயற்குறிக்கு இன்ட் வாங்குகிற வடிவமும் இருக்கிறது, அன்சைன்டு கேரக்டர் வாங்குகிற வடிவமும் இருக்கிறது. முதலாவதற்கு ஒரு உயர்த்தல் வேண்டும், இரண்டாவது அப்படியே பொருந்துகிறது. அப்படியே பொருந்துவதுதான் எப்போதும் ஜெயிக்கும். ஆக 49 என்பது எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் போனது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் 49-ஆம் இடத்தில் இருக்கும் எழுத்து '1', 51-ஆம் இடத்தில் '3', 58-ஆம் இடத்தில் முக்காற்புள்ளி. கம்பைலர் ஒரு விதியைக்கூட மீறவில்லை. எண்ணுக்கு முன்னால் ஒரே ஒரு + போட்டதும் சரியாகிவிட்டது, ஏனென்றால் அந்தக் கூட்டல் குறி கேரக்டரை இன்ட்டாக உயர்த்தும், அப்புறம் இன்ட் வடிவம் அப்படியே பொருந்திவிடும். ஒரு எழுத்துத் திருத்தம். அந்த ஃபிட்டர் அண்ணன் இரண்டு தடவை பிரித்து மாட்டிய இயந்திரத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது.

தமிழில் எழுத்துகளை வைத்து புரோகிராம் எழுதும் பிள்ளைகளுக்கு இதே மாதிரி இன்னொன்று காத்திருக்கிறது. ஒருவன் கடை பில் போடுகிற புராஜெக்ட் செய்தான். "மொத்தம் " என்ற மேற்கோளுக்குப் பக்கத்தில் + போட்டு 3 என்று எழுதினான், "மொத்தம் 3" என்று வரும் என்று. திரையில் வந்தது முதல் எழுத்தைக் காணாத ஒரு சொல்: ஒரு ஒகரக் குறி புள்ளி வட்டத்தைச் சுற்றிக்கொண்டு தனியாக நிற்கிறது, பின்னால் "த்தம்". ஃபான்ட் கோளாறு என்று நினைத்து அரை நாள் ஃபான்ட் மாற்றிக்கொண்டு இருந்திருக்கிறான். ஃபான்ட் பாவம் என்ன செய்யும். மேற்கோளில் எழுதிய சொல் சி++-க்கு ஸ்ட்ரிங் (சொற்களை வைக்கும் டைப்) இல்லை, அது எழுத்துகள் இருக்கும் இடத்தைக் காட்டும் பாயின்டராக ஆகிவிடும். பாயின்டரோடு இன்ட்டைக் கூட்டுவதற்கு, சி++-க்கு முந்தைய சி மொழி காலத்திலிருந்தே ஒரு + இருக்கிறது, அது மூன்று பைட் தள்ளி நில் என்று அர்த்தம். எழுத்துகளை பைட்டுகளாக வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் நம் 'ம' சரியாக மூன்று பைட். 'ம' போய்விட்டது, அதன் மேல் ஏறியிருந்த ஒகரக் குறி மட்டும் அனாதையாக நின்றது. 3-க்குப் பதில் 4 என்று இருந்திருந்தால் அந்தக் குறியும் உடைந்து வெறும் குப்பை வந்திருக்கும்.

இதை ஸ்ட்ரிங் மாறியில் வைத்துச் செய்தால் தப்பித்துவிடலாமா? + போட்டு 65 சேர்த்தால் கம்பைலர் மறுத்துவிடும், நல்லது. ஆனால் அதே ஸ்ட்ரிங்குக்கு += போட்டு 65 சேர்த்துப் பாருங்கள், சத்தமே இல்லாமல் ஒத்துக்கொண்டு ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ' ஒன்றை ஒட்டிவிடும். காரணம், +=-க்கு ஒற்றைக் கேரக்டர் வாங்குகிற வடிவம் ஒன்று இருக்கிறது, இன்ட்டை அதற்குச் சுருக்கிக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. + ஒரு டெம்ப்ளேட், அதாவது கொடுத்ததைப் பார்த்து டைப்பை ஊகித்துக்கொள்ளும் அச்சு, அதில் ஸ்ட்ரிங் ஒரு எழுத்து டைப்பைச் சொல்ல, 65 இன்ட் என்று சொல்ல, இரண்டும் ஒத்துப்போகாமல் வேட்பாளராகவே நிற்க முடிவதில்லை. அக்கா தங்கை மாதிரி இருக்கும் இரண்டு குறிகள், குணம் முழுக்க வேறு.

பெரிய நிபுணர்களே இதில் இடறியிருக்கிறார்கள், அதையும் மாணவர்களிடம் சொல்ல வேண்டும். சேமி என்ற பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள், ஒன்று பூலியன் (உண்மை அல்லது பொய்) வாங்குகிறது, ஒன்று ஸ்ட்ரிங் வாங்குகிறது, நாம் மேற்கோளில் "சென்னை" என்று கொடுக்கிறோம். எது? பூலியன்தான். பாயின்டரை உண்மை, பொய் ஆக்குவது மொழிக்குள்ளேயே இருக்கும் மாற்றம், ஸ்ட்ரிங் ஆக்குவது கிளாஸ் வழியாக வருகிற மாற்றம், மொழியினுடையது எப்போதும் மேலே. "சென்னை" உண்மையாகிவிடும். சி++-இன் 2017 பதிப்பான சி++17-இல் வந்த, பல டைப்களில் ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளும் வேரியன்ட் என்ற டைப்பிலும் இதே கதை நடந்தது, ஸ்ட்ரிங்கும் பூலியனும் இருக்கிற வேரியன்ட்டுக்கு மேற்கோள் சொல்லைக் கொடுத்தால் அது பூலியனாகப் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு சி++20-இல் அந்த விதியையே திருத்த வேண்டிவந்தது. வெறும் 0 போட்டால் அது முழு எண்ணா, காலிப் பாயின்டரா என்ற குழப்பத்துக்காகவே சி++11-இல் நல்பிட்டிஆர் என்று தனிச் சொல் கொண்டுவந்தார்கள்.

ஏன் இப்படி வைத்தார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டும். பியார்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப் பெல் ஆய்வுக்கூடத்தில் இந்த மொழியை உருவாக்கியபோது சி-யோடு ஒத்துப்போவதை விட்டுக்கொடுக்கவில்லை. சி-யில் டபுளை இன்ட்டில் போடுவது சாதாரண விஷயம், அதையெல்லாம் திடீரென்று தவறு என்று சொல்ல முடியாது, அதனால்தான் அந்தப் பெரிய கூடை. தொடக்கத்தில் இன்னும் மோசமாக இருந்தது: ஓவர்லோட் என்று ஒரு சொல்லை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், குழப்பம் வந்தால் எது முதலில் எழுதப்பட்டதோ அது ஜெயிக்கும். அதாவது இரண்டு வரிகளை இடம் மாற்றினால் புரோகிராமின் அர்த்தமே மாறிவிடலாம். 1989-இல் வந்த 2.0 பதிப்பில் அதை விட்டார்கள், எழுதிய வரிசை பொருட்டல்ல என்று ஆனது. குழப்பமாக இருந்தால் ஊகிக்காதே, பிழை சொல் என்ற இன்றைய நிலைக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தோம். அந்த மாணவியைக் கடுப்பேற்றிய பிழை, உண்மையில் போராடிப் பெற்ற ஒரு நல்ல விஷயம்.

மற்ற மொழிகள் வேறு முடிவு எடுத்தன. லாங் (பெரிய முழு எண்) வாங்குகிற ஃபங்ஷன் ஒன்று, டபுள் வாங்குகிறது ஒன்று இருக்கும்போது 5 கொடுத்தால் சி++ குழம்பி நிற்கும், ஜாவா லாங்தான் நெருக்கம் என்று எடுத்துக்கொள்ளும். கோ மொழி ஓவர்லோடிங்கே வேண்டாம் என்றுவிட்டது.

தமிழாசிரியர் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் பலபொருள் ஒருசொல்லை எடுத்துச் சொன்னார், அதிலிருந்து என் வகுப்பிலும் அதைச் சொல்கிறேன். மா பூத்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் குதிரை. இப்படிப்பட்ட சொல்லின் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியும் என்கிறது தொல்காப்பியம். மூன்று வழி. சி++ கம்பைலருக்கு இந்த மூன்றாவது வழி கிடையாது. கூப்பிட்ட விடையை எதில் வைக்கப்போகிறோம், சுற்றிலும் என்ன நடக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை, கையில் கொடுத்த ஆர்க்யுமென்ட்டின் டைப்போடு சரி. திரும்பி வரும் டைப் மட்டும் வேறுபடுகிற இரண்டு ஃபங்ஷன்களை எழுதவே விடாது. ஏடா மொழி விடும், அது எதிர்பார்க்கிற விடையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். நாம் தமிழில் சார்பை வைத்தே பாதி புரிந்துகொண்டு பழகியவர்கள், அதே நம்பிக்கையைக் கம்பைலர் மேலும் வைத்துவிடுகிறோம் என்று நினைக்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டுதான். உங்கள் பக்கத்தில் இதற்கென்று ஒரு வாரம் ஒதுக்குங்கள், சதுரம் செவ்வகம் வேண்டாம், 2.5 எடுத்துக்கொள்ளாத பரப்பளவை எழுதுங்கள், 49-ஐ 1 என்று காட்டும் பைட்டை எழுதுங்கள், மாணவர்களே வீட்டில் தட்டிப் பார்க்கட்டும். கல்லூரியில் பாடம் எடுக்கிறவர்களும் வினாத்தாள் எடுக்கிறவர்களும் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்கும் சொல்கிறேன்: "பணிமிகுப்பு என்றால் என்ன" என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்பதற்குப் பதிலாக நாலு ஃபங்ஷன் தலைப்பையும் ஒரு அழைப்பையும் கொடுத்து, எது போகும், ஏன் போகும் என்று கேளுங்கள். என்னிடம் இப்படி முப்பது சின்ன உதாரணங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் பத்து வரிக்குள், எல்லாம் ஓட்டிப் பார்த்தவை. வேண்டும் என்றால் தட்டச்சு செய்து அனுப்பிவைக்கிறேன்.

அந்த மாணவி 2.5-க்குப் பின்னால் ஒரு 'எஃப்' போட்டு அன்றைக்கே ஓட்டிவிட்டாள். போகும்போது, இன்ட்டுக்குப் பதில் கேரக்டர் கொடுத்தால் எங்கே போகும் என்று வாசலில் நின்று அவளே யோசித்து, இன்ட்டுக்குத்தான் அண்ணா என்று சரியாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்